வெளிவராத விளையாட்டுகளும் வெளிவந்த வதந்திகளும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனிதன் செய்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. வென்ற பொருளின் வரலாற்றை அதை விற்றவர்களே எழுதிவிடுகிறார்கள். தோற்ற பொருளின் வரலாற்றைப் பெரும்பாலும் வதந்திதான் எழுதுகிறது. அப்படித் தோற்றுப்போன ஒரு விளையாட்டுக் கருவியின் கதையை இன்று நோக்குவோம். யப்பான் நாட்டின் கியோட்டோ நகரிலுள்ள நிண்டெண்டோ நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேர்ச்சுவல் பாய்' என்பதே அந்தக் கருவி.

வீடியோ விளையாட்டுக்கும் இலக்கிய நிகழ்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். பெயர் மட்டும் எஞ்சிய படைப்புகள், பாதி மட்டும் கிடைத்த படைப்புகள், இருந்ததாகப் பலர் சத்தியம் செய்யும் படைப்புகள் ஆகியவற்றை எப்படி மதிப்பிடுவது என்பது தமிழ் படித்தவர்களுக்கு மிகப் பழகிய கேள்வி. அதே கேள்விதான் இந்தக் கருவியைச் சுற்றியும் எழுந்தது.

கருவியை உருவாக்கியவர் குன்பெய் யோக்கோய். 1941இல் கியோட்டோவில் பிறந்தவர். 1965இல் அவர் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் கம்பனியாக இருந்தது. அங்கே இயந்திரங்களைப் பராமரிப்பது அவருடைய வேலை. பொழுதுபோக்காக அவர் செய்துவைத்திருந்த நீளும் கை ஒன்றை நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கண்டார். அது 1966இல் 'அல்ட்ரா ஹாண்ட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. பின்னர் 1980இல் 'கேம் அண்ட் வோச்', 1989இல் 'கேம் பாய்' என்று அவர் கைபட்டவை உலகெங்கும் பரவின. இன்று விளையாட்டுக் கருவிகளில் பெருவிரலால் அழுத்தும் சிலுவை வடிவப் பொத்தானும் அவர் தந்ததே.

யோக்கோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. புத்தம் புதிய தொழினுட்பத்தின் பின்னே ஓடாதே. எல்லோரும் பயன்படுத்திப் பழகி, விலை குறைந்து, வாடிப்போன தொழினுட்பத்தை எடுத்து, அதை வேறொரு கோணத்திலே சிந்தித்துப் பார் என்பது அது. கேம் பாய்க்கு வண்ணத் திரை இல்லாமற் போனதற்கும், அதனால் விலை குறைந்து மின்கலம் நீண்ட நேரம் உழைத்ததற்கும் இக்கொள்கையே காரணம்.

வேர்ச்சுவல் பாயும் இதே கொள்கையில் பிறந்தது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிஃப்ளெக்ஷன் டெக்னோலஜி என்ற நிறுவனம் ஒரு காட்சி முறையைக் கண்டுபிடித்திருந்தது. சிவப்பு நிற ஒளிகாலும் இருவாயிகளை, அதாவது எல்.ஈ.டி விளக்குகளை, ஒரே நிரையாக அடுக்கி, அந்த ஒற்றை நிரையை அதிரும் கண்ணாடி ஒன்றினால் முழுப்படமாக விரித்துக் காட்டுவது அம்முறை. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படங்கள். இரண்டும் சற்றே வேறுபட்டவை. மூளை அவை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் காணும். ஏன் சிவப்பு மட்டும் என்ற கேள்விக்கும் விடை உண்டு. சிவப்பு இருவாயி மலிவானது, குறைந்த மின்சாரத்தில் ஒளிர்வது. பிரகாசமான நீல இருவாயியை நிச்சியா நிறுவனத்தின் ஷூஜி நக்கமுரா 1993இல்தான் அறிவித்தார். நீல இருவாயிக்காக அவருக்கும் அக்கசாக்கி, அமானோ ஆகியோருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மலிவான வண்ணக் காட்சி அந்நாளில் இயலாத காரியம்.

யப்பானில் 1995 யூலை 21ஆம் திகதி 15,000 யென் விலையிலும், அமெரிக்காவில் அடுத்த மாதம் ஏறத்தாழ 180 டொலர் விலையிலும் கருவி கடைக்கு வந்தது. தலையில் அணியும் கருவி என்று பலர் எண்ணியிருக்க, அது இரண்டு கால் தாங்கி ஒன்றின் மேல் மேசையிலே நின்றது. விளையாடுபவர் குனிந்து அதற்குள் முகம் புதைக்க வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்காது, வீட்டாரோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பார்க்கவும் முடியாது. கழுத்து வலிக்கிறது, தலை இடிக்கிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். இவற்றைவிடப் பெரிய சங்கடம் விளம்பரத்தில் இருந்தது. உள்ளே தெரியும் ஆழத்தைப் பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ எப்படிக் காட்டுவது? கருமையில் சிவப்புக் கோடுகளாக மட்டுமே அது தெரிந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே யப்பானில் விற்பனை நின்றது. 1996இல் அமெரிக்காவிலும் நின்றது. இரு நாடுகளிலும் சேர்த்து வெளிவந்த விளையாட்டுகள் 22 மட்டுமே. விற்ற கருவிகள் ஏறத்தாழ 7 இலட்சத்து 70 ஆயிரம். கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றதை இதனோடு ஒப்பிட்டால் தோல்வியின் அளவு விளங்கும்.

கருவி நின்றபோது, செய்து முடித்தும் முடிக்காமலும் பல விளையாட்டுகள் பட்டறைகளிலே கிடந்தன. சஞ்சிகைகள் முன்னறிவிப்புச் செய்திருந்த பெயர்களைப் படித்த பிள்ளைகள் காத்திருந்து ஏமாந்தார்கள். காத்திருப்பு நீண்டபோது கதைகள் முளைத்தன. இன்ன விளையாட்டு முழுதாக முடிந்துவிட்டதாம், யாரோ ஒருவர் அதை வைத்திருக்கிறாராம், கம்பனி வேண்டுமென்றே புதைத்துவிட்டதாம் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது.

இந்தப் பேச்சுகளை எப்படிப் பிரிப்பது? புல்மோட்டையில் வாழும் நமக்கு ஓர் உவமை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எங்கள் கடற்கரையின் கறுப்பு மணலைப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தெரியும். ஆனால் அதில் இல்மனைற்றும் உரூட்டைலும் சேர்க்கனும் கலந்திருக்கின்றன. காந்தத்தின் அருகே கொண்டுபோனால் இல்மனைற் இழுபட்டு வரும், மற்றவை வரா. எஞ்சியவற்றை உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. வதந்தி மணலையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

முதல் வகை, கைக்குக் கிடைத்தவை. 'பவுண்ட் ஹை' என்ற விளையாட்டு இதற்கு நல்ல சான்று. பந்தாக மாறும் இயந்திர மனிதன் ஒருவன் மேலே குதித்து எழுந்து பகைவர்கள் மீது விழுவான். விளையாடுபவர் அதை வானிலிருந்து கீழே பார்ப்பார். ஆழத்தைக் காட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறில்லை. 1996இல் வரவிருந்த அது வரவில்லை. ஆனால் அதன் மூல நிரல் அழியாமல் இருந்தது. ஆர்வலர்கள் அதிலிருந்து விளையாட்டை மீட்டெடுத்து 2010இல் கசெற்றாகவே ஆக்கினார்கள். அதே நாயகன் 1997இல் கேம் பாயில் 'சால்வோ 55' என்ற வேறொரு விளையாட்டில் தோன்றியிருந்தான் என்பதும் குறிப்பிடத்தக்கது. யப்பானில் வெளிவராத 'நிக்கோச்சான் பாட்டில்' என்பதன் முன்மாதிரியும் பின்னாளில் வெளிப்பட்டது.

இரண்டாம் வகை, சான்றுள்ளவை. 'டிராகன் ஹொப்பர்', 'ஸீரோ ரேசர்ஸ்' ஆகியவை இவ்வகையின. சஞ்சிகைகளில் இவற்றின் படங்களும் விவரங்களும் வந்தன. டிராகன் ஹொப்பர் 1996இல் லொஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியிலும் காட்டப்பட்டது. இவை செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. அன்று கடைக்கு வரவில்லை என்பதிலும் ஐயமில்லை.

மூன்றாம் வகை, பெயரளவில் நின்றவை. ஜேம்ஸ் பொண்ட் படமான 'கோல்டன் ஐ'யின் பெயரில் ஒரு விளையாட்டு வரப்போவதாகச் செய்தி வந்தது. அந்தப் பெயரில் 1997இல் புகழ்பெற்ற விளையாட்டு வேறொரு கருவியான நிண்டெண்டோ 64இல் வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் அதையும் இதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

நான்காம் வகை வேடிக்கையானது. ஒரே பொருளின் இரண்டு பெயர்கள். 'ஸ்பேஸ் பின்போல்' என்று முதலில் காட்டப்பட்ட விளையாட்டே 'கலக்டிக் பின்போல்' என்ற பெயரில் 1995இல் வெளிவந்தது. பழைய பெயரைத் தொலைந்துபோன தனி விளையாட்டாக எண்ணித் தேடினால் இல்லாத ஒன்றையே தேடுவோம். நம் நாட்டிலே 1990களில் பிள்ளைகள் வாங்கிய ரீவி கேம் கசெற்றுகளை நினைத்துப் பாருங்கள். மேலே 9,999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில விளையாட்டுகளே பல பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். பெயர்களின் எண்ணிக்கை வேறு, பொருள்களின் எண்ணிக்கை வேறு.

நம் இலக்கிய வரலாறும் இதே பிரிவுகளை அறியும். முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று இறையனார் களவியல் உரை சொல்லும் முதற்சங்க நூல்கள் பெயரளவில் நிற்பவை. தகடூர் யாத்திரையும் முத்தொள்ளாயிரமும் முழு உருவில் கிடைக்காவிட்டாலும், அவற்றின் பாடல்கள் சில புறத்திரட்டு முதலியவற்றால் எஞ்சியமையால் சான்றுள்ளவை. ஏட்டில் மட்டும் இருந்து அழிய நின்ற கலித்தொகையோ 1887இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்பால் கைக்குக் கிடைத்தது. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருக்கோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' நாவலின் பெயரை இலக்கிய வரலாறுகளில் படித்தவர்கள் பலர். நூலைக் கையில் எடுத்துப் படித்தவர்கள் நெடுங்காலம் சிலரே.

இனி, வேர்ச்சுவல் பாயைச் சுற்றிய வதந்திகளுள் மிகக் கொடியதற்கு வருவோம். விளையாட்டைப் பற்றிய வதந்தி ஒருவரையும் காயப்படுத்தாது. மனிதரைப் பற்றிய வதந்தி அப்படியல்ல.

கருவி பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்ததால் தடை செய்யப்பட்டது என்றார்கள். ஏழு வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தது. இடையிடையே ஓய்வெடுக்கும்படி கருவியே நினைவூட்டியது. இவை உண்மை. ஆனால் கருவி நின்றது தடையினால் அல்ல, விலைபோகாமையினால்.

அடுத்து, தோல்விக்குத் தண்டனையாக யோக்கோயை நிறுவனம் துரத்திவிட்டது என்றார்கள். அவர் 1996 ஓகஸ்டில் விலகினார் என்பது மெய். அதனாலேயே இந்தக் கதை நம்பத்தக்கதாயிற்று. ஆனால் தோல்விக்குப் பின்னும் அவர் அங்கே இருந்து, கேம் பாயின் சிறிய வடிவமான 'கேம் பாய் பொக்கெற்'றை முடித்து, 1996 யூலையில் அது வெளிவந்த பின்னரே போனார். ஐம்பது வயதளவில் விலகித் தனியே தொழில் செய்ய நெடுநாளாக எண்ணியிருந்ததாக அவரே கூறியிருக்கிறார். 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, பண்டாய் நிறுவனத்துக்காகப் புதியதொரு கைக்கருவியைத் திட்டமிட்டார். 1997 ஒக்டோபர் 4ஆம் திகதி நெடுஞ்சாலை விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார். வயது 56. அவர் திட்டமிட்ட 'வொண்டர்ஸ்வான்' 1999இல் வெளிவந்தது. அதில் வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு 'குன்பே' என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

முப்பது ஆண்டு உழைப்பில் ஓராண்டுத் தோல்வியை மட்டும் பிடித்துக்கொண்டு, பதவி விலகலையும் மரணத்தையும் அதனோடு முடிச்சுப் போட்டுவிட்டால் கேட்பதற்கு நல்ல கதையாக இருக்கும். குற்றமும் தண்டனையும் வரிசையாக அமைந்த கதை எளிதில் மனத்தில் நிற்கும். அதற்காகவே அதை ஐயுற வேண்டும். தன் விளக்கத்தை மீண்டும் சொல்ல அவர் இன்று இல்லை. இல்லாதவர்களுக்காகச் சான்றுகளே பேச வேண்டும்.

நேயர்களே, இது யப்பானியரின் கவலை மட்டுமன்று. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2004 ஆழிப்பேரலையில் எங்கள் கரையோரத்து வீடுகள் எத்தனையோ கொப்பிகளையும் கடிதங்களையும் இழந்தன. இழந்தவர்கள் நினைவிலிருந்து பட்டியல் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் கலந்துவிடுவது இயல்பு. இல்லாத நூலொன்றைச் சேர்த்துவிட்டால், ஐயப்படுபவன் இருந்த நூலையும் சேர்த்தே மறுப்பான். மெய்யான இழப்பு மதிக்கப்பட வேண்டுமானால் பொய்யான இழப்பைக் களைய வேண்டும். ஆகவே கண்டவர் யார், எப்போது கண்டார், எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்வது, மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே நாம் செய்ய வேண்டிய பணி.

வேர்ச்சுவல் பாய்க்கு அப்படிக் கேட்டு எழுதிய பொறுமைசாலிகள் கிடைத்தார்கள். ஒரு விளையாட்டுப் பொருள்தானே என்று தள்ளாமல், பழைய சஞ்சிகைகளையும் முன்மாதிரிகளையும் நிரல்களையும் சேர்த்து வைத்தார்கள். வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 செப்டெம்பரில், தான் கைவிட்ட அந்த விளையாட்டுகளைப் புதிய கருவியில் மீண்டும் தரப்போவதாக நிண்டெண்டோ நிறுவனமே அறிவித்தது. செய்தவரே மறந்த பொருளுக்கு வாழ்வு நீட்டித்ததில் அந்தச் சேகரிப்பாளர்களுக்கும் பங்குண்டு.

நம் வீட்டுப் பரண்களில் பழைய ஏடோ, கொப்பியோ, கோயில் மலரோ, பள்ளிக்கூடச் சஞ்சிகையோ இருந்தால் அதன் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாணவர்கள் இந்த வேலையைத் தங்கள் பாட்டன் பாட்டியிடமிருந்து தொடங்கலாம்.