யவனர் தேறலும் கடல்நீரும்

தமிழர்தம் கடல் வாணிகத்தைப் பேசப் புகுவோர் முத்தையும் மிளகையுமே முதற்கண் கூறுவர். யவனர் கலங்களிற் கொணர்ந்த தேறலைக் கூறுவோர் சிலரே. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் அத்தேறல் இடம்பெறுகின்றது. அஃது எத்தகையது என்பதை ஈண்டு ஆராய்வோம். மதுவைப் போற்றுதல் எம் கருத்தன்று; நம் சங்கத்துப் பெரியோர் அஞ்ச வேண்டா.

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இருபுறமும் கைப்பிடி அமைந்த யவனச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்ளி நடத்திய அகழாய்வு அவற்றைப் பற்றிய அறிவை மேலும் விரித்தது. ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் கொணர்ந்த சாடிகள் சிலவும் அவற்றுள் உள. எனினும் மதுச்சாடிகளே மிகுதி. ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் பாணியில் இரட்டைத் தண்டுக் கைப்பிடி கொண்டவை தனியே குறிக்கத்தக்கன. இச்சாடிகளைக் கொண்டு அரிக்கமேட்டை உரோமர் குடியேற்றமென எழுதினோரும் உண்டு. அச்சாடிகள் வருமுன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பது பின்னை ஆய்வால் தெளிவாயிற்று.

கோஸ் தீவின் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். கி.மு. 149இல் மறைந்த உரோமரான கேட்டோ, அதனை ஆக்கும் முறையைத் தம் வேளாண் நூலில் வகுத்துள்ளார். பழம் பறிப்பதற்கு 70 நாள் முன்னர், காற்றடங்கிய வேளையில், ஆற்றுநீர் எட்டாத ஆழ்கடலில் நீர் முகக்க வேண்டுமாம். களவாடிய மதுவின் அளவை நிரப்ப அடிமையொருவன் கடல்நீரை ஊற்றியதே இவ்வழக்கத்தின் தோற்றம் என்று பிளினி எழுதுகின்றார். நாற்புறமும் கடல் சூழ வாழும் நமக்கு இது நகைப்பை விளைக்கும். அவ்வாறாயின் நம் முன்னோர் ஏமாந்தனரோ? இல்லை. உப்பு மதுவைக் கெடாமற் காக்கும். நெடுங்கடற் செலவுக்கு அஃது ஏற்றது. அக்காலத்தார் யாவரும் அறிந்த வகையே அது.

கலப்பெல்லாம் களவென்று எண்ணற்க. பிரான்சு நாட்டுப் போர்தோ வட்டாரத்தில் கபர்னே சோவிஞோன், மெர்லோ என்னும் இருவகைப் பழங்களையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே நொதிக்க வைப்பர். முன்னது துவர்ப்பு மிக்கது, நெடுநாள் நிற்பது. பின்னது மென்மை தருவது, முந்திப் பழுப்பது. பிந்திய மழை ஒன்றைக் கெடுப்பினும் மற்றது கைகொடுக்கும். ஆதலின் கலப்பு நாவுக்கு மட்டுமன்றி உழவர்க்கும் காப்பாயிற்று. கலப்போர் சிறு குப்பிகளில் அளவை மாற்றி மாற்றிச் சுவைத்த பின்னரே பெருந்தொட்டிகளிற் சேர்ப்பர். வீட்டுக்கு வீடு மாறும் நம் சாம்பார்ப்பொடி இங்கு நினைவுக்கு வருமாயின் அது தவறன்று. 1715இல் மறைந்த ஷாம்பேன் வட்டாரத் துறவி தோம் பெரிஞோன், வெவ்வேறு தோட்டத்துப் பழங்களைப் பிழியுமுன்னரே சேர்ப்பதில் வல்லவர். நுரைக்கும் மதுவைக் கண்டவர் அவரே என்பது பிற்காலக் கட்டுக்கதை.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மேனாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என வழங்கும் இவ்வகையே இரு கொடிகளின் கலப்பிற் பிறந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் அலெக்சாந்திரிய மஸ்கட். யவனச் சரக்குகள் செங்கடல் வழியே நம் கரை நோக்கிப் புறப்படுமுன் வந்து குவிந்த பட்டினமும் அலெக்சாந்திரியாவே.