செலவழியாத பித்தளை

துப்பாக்கி வெடித்ததும் மருந்து எரிந்து போகிறது. குண்டு பறந்து போகிறது. சுட்டவரின் காலடியில் மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். தோட்டாவில் விலை கூடிய பாகமும் பெரும்பாலும் அதுவே. 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்த உலோகம், வெடிக்கும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் அறையை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கும். பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் மறுபடியும் உழைக்கும்.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் இந்தக் குணத்தை நம்பியே பிழைத்தார்கள். ஆயத்தத் தோட்டாவின் விலை கட்டுப்படியாகாது. கடையோ வெகு தொலைவு. அதனால் கரிமருந்தையும் ஈயத்தையும் மொத்தமாக வாங்கிப் போனார்கள். ஷார்ப்ஸ் துப்பாக்கியில் சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து, முகாமிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்துத் திரும்ப நிரப்பினார்கள்.

எல்லாக் கூடும் இதற்கு இணங்கிவிடாது. கூட்டின் அடியில் பொறி எழுப்பும் பிரைமருக்கு 1866இல் இரண்டு வழிகள் பிறந்தன. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறையில், பிரைமர் மோதும் மேடு கூட்டோடு சேர்ந்தே இருக்கும், துளைகள் பக்கவாட்டில். லண்டன் வூல்விச் ஆயுதச் சாலையின் எட்வர்ட் பாக்ஸர் பெயரால் வழங்கும் முறையிலோ மேடு பிரைமருக்குள்ளேயே அடங்கிவிடும். கூட்டில் நட்டநடுவே ஒரே துளை. அதன் வழியே ஒரு கம்பியால் தள்ளினால் பழைய பிரைமர் கழன்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது; ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில். மறுநிரப்பல் அங்கே வீட்டுக் கைத்தொழிலாகப் பெருக அந்த ஒற்றைத் துளை பெரிதும் உதவியது. 1884இல் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் அதற்கான கைக்கருவிகளை விற்றது. 1925இல் அது லைமன் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கே தட்டுப்பாடு வந்தது. அப்போது கைகொடுத்தவை, யாரும் சீந்தாத .22 கூடுகள். விளிம்பில் பொறி பற்றும் வகை என்பதால் அவற்றைத் திரும்ப நிரப்ப வழியில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் பிரெட் ஹண்டிங்டன், அந்தக் கூட்டையே அச்சில் அழுத்தி, ஈயக் குண்டுக்கு மேலுறையாக்கும் கருவியை 1943இல் செய்தார். ஐடஹோவின் லூயிஸ்டனில் வெர்னன் ஸ்பியரும் அதே வழியில் குண்டு செய்து விற்றார்.

இன்று அமெரிக்க மறுநிரப்பல் சந்தையின் பெரிய பெயர்களான ஹண்டிங்டனின் ஆர்.சி.பி.எஸ்., வெர்னனின் ஸ்பியர் இரண்டும் அந்தக் குப்பைக் கூடுகளை முதலாக வைத்துத் தொடங்கியவை.