விஜய் அமிர்தராஜ்

விஜய் அமிர்தராஜ் (பிறப்பு: டிசம்பர் 14, 1953, சென்னை) இந்தியாவைச் சேர்ந்த முன்னாள் டென்னிஸ் ஆட்டக்காரரும் தொலைக்காட்சி வர்ணனையாளரும் ஆவார். ஒற்றையர் பிரிவில் உலகத் தரவரிசையில் 18ஆம் இடம் வரை உயர்ந்தார். இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை 1974, 1987 ஆகிய இரு ஆண்டுகளிலும் எட்டியதில் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், விம்பிள்டன் போட்டிகளின் ஆங்கில வர்ணனையாளராக இந்தியத் தொலைக்காட்சி நேயர்களிடையே அறியப்பட்டார்.

2024ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழவையில் இவர் சேர்க்கப்பட்டார். இச்சிறப்பு ஆட்டக்காரர் பிரிவில் அன்றி, பங்களிப்பாளர் பிரிவில் வழங்கப்பட்டது. இவர் ஆட்டத்திற்காக நினைவுகூரப்படுகிறாரா, ஆட்டத்திற்குப் பிந்தைய பணிகளுக்காக நினைவுகூரப்படுகிறாரா என்ற கேள்விக்கு இது இடமளிக்கிறது.

இளமை

விஜய், ராபர்ட் அமிர்தராஜ், மார்கரெட் (மேகி) அமிர்தராஜ் இணையரின் இரண்டாவது மகன். அண்ணன் ஆனந்த், தம்பி அசோக் ஆகிய இருவரும் டென்னிஸ் ஆட்டக்காரர்களே. அசோக் பின்னர் ஆலிவுட் திரைப்படத் தயாரிப்பாளரானார். 1998இல் வெளிவந்த ஜீன்ஸ் என்ற தமிழ்த் திரைப்படத்தின் தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. விஜய் எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியிலும் இலயோலாக் கல்லூரியிலும் பயின்றார். சிறு வயதில் உடல்நலம் குன்றியிருந்த இவரைத் தாயார் ஊக்குவித்து டென்னிஸ் விளையாட்டில் ஈடுபடுத்தினார்.

ஆட்ட வாழ்க்கை

1970இல் தொழில்முறை ஆட்டங்களில் பங்கேற்கத் தொடங்கிய விஜய், 1973இல் உலகின் கவனத்தைப் பெற்றார். அவ்வாண்டு விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெசிடம் ஐந்தாவது செட்டை 5-7 என இழந்து தோற்றார். கோடெசே பின்னர் அத்தொடரை வென்றார். அதே ஆண்டு பிரெட்டன் வூட்ஸ் தொடரின் இறுதியாட்டத்தில் ஜிம்மி கானர்ஸை வென்றார். தொடர்ந்து நடந்த அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரைத் தோற்கடித்துக் காலிறுதி வரை சென்றார். 1974 அமெரிக்க ஓப்பனில் பியான் போர்கை வென்று மீண்டும் காலிறுதியை எட்டினார். அக்காலத்தில் அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் ஆகிய மூவரின் ஆங்கிலப் பெயர் முதலெழுத்துகளைக் கொண்டு, டென்னிஸின் 'ஏ, பி, சி' என இம்மூவரையும் குறிப்பிடும் வழக்கம் இருந்தது.

போர்கும் கானர்ஸும் அதன் பின் பல பெருவெற்றித் தொடர்களை வென்றனர். விஜய் எந்தப் பெருவெற்றித் தொடரிலும் ஒற்றையர் காலிறுதியைத் தாண்டவில்லை. 1979 விம்பிள்டனில் போர்குடன் ஐந்து செட்கள் ஆடித் தோற்றார். 1981 விம்பிள்டன் காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை வென்ற பின் தோல்வியடைந்தார். இரட்டையர் பிரிவில் 1976 விம்பிள்டன் அரையிறுதிக்கு ஆனந்துடன் முன்னேறினார்.

ஆயினும், தனது நாளில் எவரையும் வெல்லக்கூடியவர் என்ற பெயர் இவருக்கு நிலைத்தது. 1984ஆம் ஆண்டு முழுவதும் 82 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றார் ஜான் மெக்கன்றோ. அம்மூன்று தோல்விகளுள் ஒன்று சின்சினாட்டியில் விஜயிடம் பெற்றதாகும். புல்தரையில் இவரது ஆட்டம் சிறந்து விளங்கியது. நியூபோர்ட் தொடரை 1976, 1980, 1984 என மூன்று முறை வென்றார். அத்தொடர் நடைபெற்ற இடம் புகழவையின் வளாகமே ஆகும்.

டேவிஸ் கோப்பை

1974இல் இந்திய அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் வென்று முதன்முறையாக இறுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பைப் பெற்றது. (1966இலும் இந்தியா இறுதிச் சவால் சுற்றில் ஆடியிருந்தது, சவால் சுற்று முறை நீக்கப்பட்ட பின் இதுவே முதன்முறை.) எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா ஆட மறுத்ததால் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. அப்போது விஜய்க்கு அகவை 20. இதனால், நாட்டிற்காகக் கோப்பையை வெல்ல இவரது தலைமுறைக்கு வாய்த்த மிகச் சிறந்த வாய்ப்பு, ஆடுகளத்திற்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவால் கைவிடப்பட்டது.

1987இல், 33ஆம் அகவையில், தில்லியில் அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஜைட்டேயுடன் ஆடிய ஆட்டத்தில் முதல் இரண்டு செட்களை இழந்த நிலையிலிருந்து மீண்டு வென்றார். தொடர்ந்து இந்தியா சிட்னியில் ஆஸ்திரேலியாவை வென்று இறுதிச் சுற்றை எட்டியது. கோதன்பர்க்கில் நடந்த இறுதிச் சுற்றில் சுவீடனிடம் 0-5 எனத் தோற்றது.

திரைப்படம்

1983இல் வெளிவந்த ஆக்டோபசி என்ற ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தில் 'விஜய்' என்ற பெயரிலேயே உளவாளியாக நடித்தார். அதில் எதிரிகளை டென்னிஸ் மட்டையால் தாக்கும் காட்சி இடம்பெற்றது. 1986இல் ஸ்டார் டிரெக் வரிசையின் நான்காம் படத்திலும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார்.

வர்ணனையாளராக

1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்தியாவில் பரவிய பின், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையில் விம்பிள்டன் வர்ணனையாளராக விஜய் பரவலாக அறியப்பட்டார். இவருடன் இணைந்து வர்ணனை செய்தவர்களுள் ஆலன் வில்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். அவரும் மாவட்ட அணிகளுக்காகத் துடுப்பாட்டம் ஆடிப் பின் வர்ணனைக்கு வந்தவரே.

விஜயின் ஆட்டத்தைவிடக் குரல் மிகுதியான தமிழர்களைச் சென்றடைந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கப்பட்டது. லேவரையும் போர்கையும் இவர் வென்ற 1973, 1974 ஆகிய ஆண்டுகளில், அவ்வெற்றிகளை இவரது சொந்த ஊரார் வீட்டிலிருந்து காண வழியில்லை. நாளிதழ்களிலும் வானொலிச் செய்திகளிலுமே அவற்றை அறிந்தனர். 1990களிலோ கம்பிவடத் தொலைக்காட்சி நகரின் மையப்பகுதி மட்டுமன்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அத்தலைமுறை விஜயை முதலில் அறிந்தது குரலாகவே ஆகும்.

பிற பணிகள்

1985இல் அமிர்தராஜ் குடும்பத்தினர் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சியகத்தில் லியாண்டர் பயஸ் பயிற்சி பெற்றார். 1989 முதல் 1993 வரை தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்கள் மன்றத்தின் தலைவராக விஜய் பணியாற்றினார். 2001இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதித் தூதராக நியமிக்கப்பட்டார். 2006இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 2022இல் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் மகளிருக்கான சென்னை ஓப்பன் நடைபெற்றபோது தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

புகழவையும் மதிப்பீடும்

2024இல் புகழவையில் சேர்க்கப்பட்ட மூவருள் லியாண்டர் பயஸ் ஆட்டக்காரர் பிரிவிலும், விஜயும் பிரித்தானிய இதழாளர் ரிச்சர்ட் எவன்சும் பங்களிப்பாளர் பிரிவிலும் இடம்பெற்றனர். பயஸும் விஜயும் இப்புகழவையில் சேர்க்கப்பட்ட முதல் ஆசிய ஆண்கள் ஆவர். சீனாவின் லீ நா 2019இலேயே சேர்க்கப்பட்டிருந்தார். 1990இல் வெளிவந்த விஜயின் தன்வரலாற்று நூலை அவருடன் இணைந்து எழுதியவர் இதே எவன்ஸ் ஆவார்.

ஆட்டக்காரர் பிரிவில் பெருவெற்றித் தொடர்ப் பட்டங்களுக்கு முதன்மை அளிக்கப்படுகிறது. அவ்வகையில் விஜயின் சாதனைகள் போதுமானவையாக இருக்கவில்லை. பங்களிப்பாளர் பிரிவு வர்ணனை, நிருவாகம், விளையாட்டைப் பரப்புதல் ஆகியவற்றைக் கருத்தில் கொள்கிறது. பிற விளையாட்டுகளிலும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. குழிப்பந்தாட்டத்தில் எட்டு முறை ரைடர் கோப்பைப் போட்டிகளில் ஆடிய பீட்டர் ஆலிஸ், பி.பி.சி. வர்ணனையாளராகவே மிகுதியும் அறியப்பட்டார். 2012இல் உலகக் குழிப்பந்தாட்டப் புகழவை அவரை வாழ்நாள் சாதனைப் பிரிவில் சேர்த்தது.

எனினும் விஜயின் இரு பணிகளையும் முற்றிலும் பிரித்துப் பார்க்க இயலாது. திரைப்படத்தில் இவருக்கு மட்டையைக் கொடுத்ததும், ஆட்டக்காரர்கள் மன்றத்தின் தலைமைக்கு இவரைக் கொண்டுசென்றதும், ஒலிவாங்கியின் முன் அமர்த்தியதும் ஆட்டக்காரர் என்ற தகுதியே. மேலும், பட்டங்களை அளவுகோலாகக் கொண்ட ஒரு மதிப்பீட்டில் 1974இல் ஆடப்படாத இறுதிச் சுற்றுக்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டின் செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்கு விஜய் ஓர் ஆட்டக்காரர். அடுத்த தலைமுறைக்கு அவர் ஒரு வர்ணனையாளர். புகழவை இரண்டாவதை ஏற்றுக்கொண்டது. அவர் சேர்க்கப்பட்ட வளாகத்தின் புல்தரையிலேயே மூன்று முறை பட்டம் வென்றவர் என்பது முதலாவதற்குச் சான்றாக உள்ளது.

விருதுகள்

அருச்சுனா விருது – 1974
பத்மசிறீ – 1983
பன்னாட்டு டென்னிஸ் புகழவை, பங்களிப்பாளர் பிரிவு – 2024