ஹம்போல்டின் மலைப்படமும் ஒரு திருத்தமும்



மலைத் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் வகுப்பில் மாட்டும் படம் ஒன்று உண்டு. எக்குவடோர் நாட்டுச் சிம்போராசோ மலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் அது. ஒரு பாதியில் மரஞ்செடிகள் தீட்டப்பட்டிருக்கும். மறுபாதியில் அவரவர் உயரத்தில் குடியிருப்பவர்போல் தாவரப் பெயர்கள் நிறைந்திருக்கும். இரு ஓரங்களிலும் வெப்பநிலை, காற்றழுத்தம், நீரின் கொதிநிலை, வானத்து நீலத்தின் அளவுகூட உயரவாரியாகக் குறிக்கப்பட்டுள்ளது. எந்த உயரத்தில் எச்செடி வாழும் என்பதைச் சூழலோடு இணைத்துக் காட்டிய தொடக்ககால மாதிரிகளுள் இதுவே பெரும்புகழ் பெற்றது.

இதை உருவாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802 ஜூன் 23ஆம் நாள் தோழர் போன்பிலானுடன் சிம்போராசோவில் ஏறினார்; உச்சியை எட்டவில்லை. மறு ஆண்டு குவயாகில் துறைமுகத்தில் படத்தின் முதல் வரைவைத் தீட்டினார். 1807இல் அது அச்சேறியது.

2012இல் ஆய்வாளர் குழுவொன்று அதே மலையில் ஏறிப் படத்தோடு ஒப்பிட்டது. 210 ஆண்டுகளில் தாவரங்கள் 500 மீட்டருக்கும் மேலாக உயரே நகர்ந்துவிட்டன என்று 2015இல் அறிவித்தது. புவி வெப்பமடைவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? நானும் பெருமிதத்தோடு வகுப்பில் சொன்னேன். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இத்தனை பெயர்களையும் அவர் அந்த மலையிலேயேவா எழுதிக்கொண்டார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அந்த விடை தவறு. பியர் மொரே என்னும் பிரெஞ்சு வரலாற்றாய்வாளரும் அவருடைய குழுவினரும் ஹம்போல்டின் நாட்குறிப்புகளையும் உலர்தாவரத் தொகுப்பையும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையை நான் காலந்தாழ்த்தியே படித்தேன். படத்தின் உயர்மலைத் தாவரங்களுள் பெரும்பாலானவை சிம்போராசோவில் சேகரித்தவை அல்ல; 1802 மார்ச் மாதம் ஆன்டிசானா என்னும் வேறு மலையில் சேகரித்தவை. பல இடங்களில் கண்டவற்றை ஒரே மலையின்மேல் அடுக்கிய கற்பனை வடிவமே அப்படம். ஹம்போல்ட் ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை; பின்னாளைய நூல்களில் அவரே தம் அளவுகளைத் திருத்திக்கொண்டே வந்தார். அளவுகோலாக்கியது நாம்தான்.

அக்குழுவினர் 2017இல் ஆன்டிசானாவிலேயே ஏறி அளந்தனர். செடிகள் நகர்ந்தது உண்மைதான். ஆனால் 215 முதல் 266 மீட்டர் வரைதான்.

படத்தின் ஓரத்தில் 'ஆன்டிசானா' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவர் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறார். சென்ற வாரம் அவருடைய தாயாரைக் கடையில் கண்டபோது, சரியான விடையைச் சொல்லியனுப்பினேன்.