அணா போய்ப் பைசா வந்த காலம்



வரலாறு என்றதும் உங்கள் உள்ளத்தில் மன்னர்களும் போர்களும் தோன்றக்கூடும். நானோ, எங்கள் வெள்ளகோவில் சந்தையில் கண்ட ஒரு சிறு வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன்.

பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசா ஆயிற்று; 1964இல் 'நயா' என்னும் அடைமொழியும் நீங்கியது. 1962க்குள் வீசையும் பலமும் போய்க் கிலோகிராம் வந்தது. சட்டம் மாறிற்று, மக்கள் நாவு மாறவில்லை. நான் மூன்றாம் வகுப்பில் பயின்ற 1968இலும், அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எங்கள் ஊரில் விலை அணாவிலேயே பேசப்பட்டது. கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் காங்கயம் மாடுகள் மேய்ந்த காலம் அது.

என் அப்பத்தா சந்தையில் முருங்கைக்காய் விற்பார். கூறு ஓரணா. ஓரணாவுக்கு ஆறு பைசா என்பது வழக்கு. ஒருநாள் ஒருவர் நான்கு கூறு வாங்கி, இருபத்து நான்கு பைசா கொடுத்தார். "நாலணாங்க, இருபத்தஞ்சு காசு வேணும்" என்றார் அப்பத்தா. வாய்ப்பாடு கற்ற செருக்கில் நான் குறுக்கிட்டு, "நாலாறு இருபத்து நாலுதான் அப்பத்தா!" என்றேன். சுற்றி நின்றோர் நகைத்தனர். அவர் ஒன்றும் கூறாது காசை முடிந்துகொண்டார்.

அன்றிரவு திண்ணையில் நூறு புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தார். "பதினாறு பங்கு போடு கண்ணு" என்றார். பங்குக்கு ஆறு வைத்தேன், நான்கு எஞ்சின. "மிச்சமிருக்கிற இந்த நாலும் ஆருக்குச் சேரும்?" என்று கேட்டார். நான் விடை கூறவில்லை. அணா என்பது ஆறேகால் பைசா. அந்தக் காலே எளியோரிடமிருந்து நழுவியது என்பதை எழுத்தறியா அவர் அறிந்திருந்தார்.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1971 பிப்ரவரி 15இல் 240 பென்னி கொண்ட பவுன், நூறு புதிய பென்னி ஆயிற்று. பன்னிரண்டு பென்னி கொண்ட ஷில்லிங் ஐந்து பென்னியாகச் சுருங்கவே, கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டனர் என்று அங்குள்ள முதியோரும் மனங்குறைந்தனர்.

தசம முறை நல்லதே. கணக்கை அது எளிதாக்கியது. அதனை நான் குறை கூறேன். எனினும், ஆசிரியனாகிய பின் வகுத்தல் கணக்கு நடத்திய ஒவ்வோர் ஆண்டும் புளியங்கொட்டைகளோடுதான் வகுப்பறை புகுந்தேன். நாலணா எனப்பட்ட இருபத்தைந்து பைசாவும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாயிற்று. அப்பத்தாவின் வினா மட்டும் செல்லாததாகவில்லை.

மாணவர்களே, எந்த மாற்றம் வரினும் ஈவை மட்டும் பாராதீர்கள். மீதி எவரிடம் சேர்கின்றது என்பதையும் பாருங்கள்.