வழிநூலும் விகற்பமும்: மான்ஸ்ஃபீல்டின் வெள்ளைச் சாலை

கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் 1910 பிப்ரவரியில் 'நியூ ஏஜ்' இதழில் வெளியிட்ட 'களைத்துப்போன குழந்தை' என்ற கதை, செக்காவ் 1888இல் எழுதிய, வார்க்கா என்னும் 13 வயதுப் பணிச்சிறுமியின் கதையிலிருந்து பிறந்தது. இதை மறுப்பவர் இன்று இல்லை. உறங்கவிடாமல் வேலை வாங்கப்படும் சிறுமி, அழுகையை நிறுத்தாத கைக்குழந்தை, கொலை, பிறகு தூக்கம்: இரண்டிலும் கதைக்கட்டு ஒன்றுதான். 1951இல் லண்டன் 'டைம்ஸ்' இலக்கிய இணைப்பில் மூண்ட கடிதச் சண்டைக்குப் பின், 'திருட்டா, தாக்கமா' என்ற கேள்வியிலேயே விவாதம் நின்றுவிட்டது. இரு தரப்பாரும் ஒற்றுமைகளைப் பட்டியலிட்டனர். ஒரு தரப்புக்கு அது குற்றப்பத்திரிகை, மற்றதற்குக் குருவணக்கம். பட்டியலில் உள்ள ஒரு பொருள் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருப்பதை இரண்டுமே போதிய அளவு கவனிக்கவில்லை என்று கருதுகிறேன். அந்தப் பொருள் சாலை.

செக்காவின் கதையில் சாலை நடுவில் வருகிறது. தொட்டிலை ஆட்டியபடியே வார்க்கா கண்ணயரும்போது சேறு படிந்த ஓர் அகன்ற நெடுஞ்சாலை அவளுக்குத் தெரிகிறது. வண்டிகள் போகின்றன. மூட்டை சுமந்து நடப்பவர்கள் திடீரென்று சேற்றிலேயே விழுந்து தூங்கிவிடுகிறார்கள். தந்திக் கம்பிகளில் அமர்ந்த காகங்கள் குழந்தையைப் போல் கத்தி அவர்களை எழுப்பப் பார்க்கின்றன. அடுத்த கணம் சாலை கலைந்து, தகப்பன் யெஃபீம் வயிற்று வலியால் துடித்துச் செத்த இரவு வந்துவிடுகிறது. அதாவது, செக்காவுக்குச் சாலை ஒரு வாசல் மட்டுமே. அதன் வழியே நுழைவது வார்க்காவின் இறந்தகாலம்.

மான்ஸ்ஃபீல்டிடம் சாலை முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. சிறிய வெள்ளைச் சாலை, இருபுறமும் உயரமான கரிய மரங்கள், எங்கும் போய்ச் சேராத, யாரும் நடக்காத வழி. சிறுமி அதில் கால் வைக்கத் தொடங்கும்போதே ஒரு கை தோளைப் பற்றி உலுக்கிக் காதோடு அறைகிறது. சேறு, கூட்டம், வண்டி, காகம் எல்லாம் போய்விட்டன. இந்த வெறுமை மறதியால் நேர்ந்ததாகத் தெரியவில்லை; செக்காவின் சாலையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளியவரின் கைவேலையாகவே எனக்குப் படுகிறது.

சாலையைக் காலிசெய்தபின் இறந்தகாலத்தை எங்கே வைப்பது? இங்கேதான் கதையின் துணிச்சலான மாற்றம். வார்க்காவுக்குத் தன் கடந்தகாலம் நினைவில் வருகிறது. மான்ஸ்ஃபீல்டின் சிறுமிக்கோ அது வரவில்லை. அவள் முறையற்றுப் பிறந்தவள், ரயில் நிலையப் பணிப்பெண்ணின் மகள், பெற்றவளே அவள் தலையைத் தண்ணீர்ச் சாடிக்குள் திணித்துக் கொல்லப் பார்த்தாள் என்பதெல்லாம் பிறர் வாயால், வம்புப் பேச்சாக வருகிறது. நினைவுகூட அவளுக்குச் சொந்தமில்லை. அவளுடையதாக மிஞ்சுவது அந்த வெற்றுச் சாலை ஒன்றே. ஆகவே, தலையணையால் குழந்தையை அழுத்திய பின் கதை அங்கேயே திரும்புகிறது. அவள் வெள்ளைச் சாலையில் நடந்து போகிறாள். வார்க்கா பிணம்போல் உறங்குவதைச் செக்காவ் வெளியே நின்று, அறிக்கை எழுதுபவரைப் போலச் சொல்லி முடிக்கிறார். மான்ஸ்ஃபீல்ட் வாசகரைக் கனவுக்குள்ளே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். (செக்காவின் முடிவே வலுவானது என்பது என் எண்ணம். 22 வயது நிரம்பாதவரின் முடிவில் கொஞ்சம் அலங்காரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.)

நன்னூல் வழிநூலுக்குச் சொல்லும் இலக்கணம் இங்கே உதவும். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போவதும், பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தைச் சேர்ப்பதும் அதற்கு வேண்டும். அது இலக்கண நூல்களை மனத்தில் வைத்துச் சொன்னது, புனைகதைக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் 'திருட்டு', 'தாக்கம்' ஆகிய இரண்டு சொற்களுக்கும் பிடிபடாத ஒன்றை 'விகற்பம்' பிடித்துக்கொள்கிறது. முடிபை மாற்றாமல் வைத்துக்கொண்டதால்தான், அந்த முடிபுக்கு வேறு எந்த வழியாகப் போகலாம் என்று மான்ஸ்ஃபீல்டால் சோதிக்க முடிந்தது. எழுத்தாளர் தொழிலுக்காகப் படிப்பது என்பது இதுதான்: ஒரு பொருளை இடம் மாற்றினால் மற்றவை எப்படிச் சரிகின்றன என்று எழுதிப் பார்ப்பது.

மூலத்தை அவர் குறிப்பிடவில்லையே என்பார்கள். உண்மை; அது நேர்மை பற்றிய வழக்கு, கைத்திறன் பற்றியதன்று. 1920இல் இக்கதை அடங்கிய தொகுப்பை மறுபதிப்பிட அவர் மறுத்ததைக் குற்றவுணர்வின் சாட்சியாகக் காட்டுவதும் உண்டு. அவர் முதிர்ச்சியற்றவை என்று ஒதுக்கியது தொகுப்பின் 13 கதைகளையும்தான். செக்காவின் கதைக்கு 1903இலேயே ஆர். இ. சி. லாங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. மான்ஸ்ஃபீல்ட் படித்தது அதையா வேறொன்றையா என்பதும் இந்த வாதத்தைத் தொடாது. சாலை எல்லா மொழியிலும் கதையின் நடுவில்தான் இருக்கும்.

கனமான ஆட்சேபம் வேறு: ஒரே கதையை வைத்து ஓர் எழுத்தாளரின் பயிற்சியைச் சொல்லலாமா? சொல்ல முடியாது. ஆனால் அதே 1920இல் அவர் எழுதிய 'மிஸ் பிரில்' இருக்கிறது. பூங்காவில் இளஞ்சோடி ஒன்றின் ஏளனத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிய அந்தத் தனிப்பெண், தன் கம்பளித்தோல் கழுத்தணியைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறாள். ஏதோ அழுவது போல் அவளுக்குக் கேட்கிறது. அழுவது யார் என்று சொல்ல மான்ஸ்ஃபீல்ட் அவள் மனத்தைவிட்டு வெளியே வருவதில்லை.