அட்டை யாருடையது?

விளையாட்டு வீரருக்குத் தபாலில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் அமெரிக்காவிலும் உண்டு, ஜெர்மனியிலும் உண்டு. நட்சத்திரங்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. அவர்களுக்கு எங்கும் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிகின்றன. பேர் தெரியாத வீரர்களிடம் வரும்போதுதான் வித்தியாசம் புலப்படுகிறது.

அமெரிக்க பேஸ்பாலில் கையெழுத்து வாங்கும் அட்டை ரசிகருடையது. டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட வீரரின் அட்டையை ரசிகரே காசு கொடுத்து வாங்குகிறார். கடிதம் எழுதி, தபால் தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையும் வைத்து அனுப்புகிறார். அட்டை திரும்பாமலே போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் அணிகள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாமிடும்போது எழுதுவது நல்லது என்பது சேகரிப்பாளர்களின் அனுபவ அறிவு. ஓய்வுபெற்றவர்களின் விலாசங்களை ஜாக் ஸ்மாலிங் என்பவர் தேடித்தேடிப் புத்தகமாகவே தொகுத்தார். எனக்கு அது பெரிய தொண்டாகத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் அட்டை வீரருடையது. அஞ்சலட்டை அளவில் அவருடைய படத்தோடு கிளப்போ ஸ்பான்சரோ அச்சிட்டுத் தருகிறது; பெயர் ‘ஆட்டோகிராம்கார்டெ’. திரும்பி வரத் தபால் தலை வைத்து எழுதினால் போதும். 2025 முதல் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு 95 சென்ட். ராணுவத்திலோ சுங்கத்துறையிலோ பணியில் இருந்துகொண்டே லூஜ், பயத்லான் போன்ற குளிர்காலப் போட்டிகளில் இறங்கும் வீரர்கள் அங்கே பலர். அப்படிப்பட்டவர்களிடமும் அட்டை தயாராக இருக்கும். கைச்செலவுக்கு அஞ்சும் பள்ளிப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. குறை ஒன்றுதான்: சில அட்டைகளில் கையெழுத்தும் சேர்த்தே அச்சாகிவிடுகிறது. பேனா பட்ட தடமில்லாத அந்த அட்டையை என்னால் கையெழுத்தாக ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் நோய் வேறு. அங்கே கள்ளக் கையெழுத்துக்குச் சந்தை உண்டு. 1990களில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் போலிக் கும்பல்களை வளைத்தபோது, அன்னை தெரசாவின் பெயரிட்ட பேஸ்பால் பந்துகூடச் சிக்கியது. பணமுள்ள இடத்தில்தான் போலி முளைக்கும். கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கோடு நின்றுவிட்டவரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு யாருக்கு என்ன லாபம்? அந்த எளிய அட்டையை நம்பலாம்.

‘மூன்லைட்’ கிரஹாம் என்ற பேஸ்பால் வீரரை இங்கே நினைக்க வேண்டும். 1905இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம். மட்டையைப் பிடிக்கும் முறை வரவே இல்லை. பிறகு மினசோட்டாவின் சிஸமில் மருத்துவராகப் பல்லாண்டு வாழ்ந்து 1965இல் மறைந்தார். 1989இல் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படம் அவரை ஊரறியச் செய்தது. அதன்பின் அவர் கையெழுத்துக்கு அலைந்தவர்கள் பலர். உயிரோடிருந்தவரைக் கேட்டிருந்தால் ஒரு தபால் தலையோடு முடிந்திருக்கும்.

ஜெர்மன் முறை தாராளமானது. ஆனாலும் என் ஓட்டு அமெரிக்க முறைக்கே. எங்கோ ஒருவர் தன் அட்டையைத் தேடி வாங்கி வைத்திருக்கிறார் என்பதை அந்த வீரர் உறையைப் பிரித்ததும் அறிகிறார். ஸ்பான்சர் தந்த கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவும்போது அது தெரிய வழியில்லை.

எழுத விரும்புவோர் கையாலேயே எழுதுங்கள். அவர் ஆடிய ஓர் ஆட்டத்தையாவது குறிப்பிடுங்கள். இந்தியத் தபால் தலை அங்கே செல்லாது. திரும்பும் உறையில் அந்த நாட்டுத் தபால் தலையையே ஒட்டுங்கள்.